அந்துப்பூச்சியும் ஒளியின் நிறமும்

நுழையும்முன்

விளக்கில் விழுந்து மடியும் விட்டிலைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்துவைத்துள்ளது. ஒவ்வொரு புலனாலும் அழிவுறும் உயிர்களை வரிசைப்படுத்திய பழந்தமிழர், கண் என்னும் புலனால் அழிவதற்கு விட்டிலையே சான்றாகக் காட்டினர். அந்த வீழ்ச்சியை ஆசையின் விளைவு என மரபு கண்டது. கண்ணின் அமைப்பினாலும் ஒளியின் நிறத்தாலும் நிகழ்வது என இன்றைய அறிவியல் காண்கிறது. எந்த நிற ஒளிக்கு எந்தப் பூச்சி வருகிறது என்பதை அறிந்தால், நஞ்சு தெளிக்காமலே பயிரைக் காக்க வழி பிறக்கும். அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரை.

மழைக்குப் பின் வரும் இரவு

தென்னார்க்காட்டிலிருந்து 1993ஆம் ஆண்டு விழுப்புரமும், விழுப்புரத்திலிருந்து 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டங்களாயின. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையாகக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை நிற்கிறது. அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு அடிவாரத்து அணையில் தேங்கி நெல்லுக்கும் கரும்புக்கும் நீர் தருகிறது. ஆற்றுநீரும் கிணற்றுநீரும் எட்டாத மேட்டு நிலங்கள் வானத்தை நம்பியவை. மக்காச்சோளமும் மரவள்ளியும் நிலக்கடலையும் பயறு வகைகளும் அந்நிலங்களின் பயிர்கள். மலைமேல் வாழும் மலையாளி பழங்குடியினர் சாமை, தினை முதலிய சிறுதானியங்களை விளைவிக்கின்றனர்.

பழைய தென்னார்க்காட்டின் மானாவாரி நிலக்கடலைக்கு நீண்டகாலப் பகையாக இருப்பது சிவப்புக் கம்பளிப்புழு. இதன் வாழ்க்கை மழையோடு பிணைந்தது. முந்தைய பருவத்தில் இலைகளைத் தின்று வளர்ந்த புழு, மண்ணுக்குள் 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாக மாறி ஒன்பது, பத்து மாதங்கள் உறங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பெருமழை பெய்து மண் நனைந்ததும் அந்த உறக்கம் கலைகிறது. மழைக்குப் பின் மூன்றாம் நாள் அளவில் அந்துப்பூச்சிகள் மண்ணைவிட்டு வெளிவரத் தொடங்குகின்றன. வெண்ணிற முன்னிறகில் பழுப்புக் கோடுகளும் அதன் முன்விளிம்பில் மஞ்சள் பட்டையும், பின்னிறகில் கரும்புள்ளிகளும் கொண்டவை அவை.

ஒரு தாய்ப்பூச்சி 600 முதல் 700 முட்டைகள் வரை இலையின் அடிப்பக்கத்தில் குவியலாக இடும். பொரித்து வரும் இளம்புழுக்கள் முதலில் கூட்டமாக ஓரிடத்தில் இருந்து இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். வளர்ந்தபின் வயலை மொட்டையாக்கிவிட்டு அடுத்த வயலுக்குப் படைபோல் நகரும். உடல் முழுவதும் அடர்ந்த மயிர் போர்த்திய வளர்ந்த புழுவை மருந்தால் அழிப்பது கடினம், செலவும் மிகுதி. எனவே உழவருக்குக் கிடைக்கும் நல்வாய்ப்பு, அந்துப்பூச்சி வெளிவருவதற்கும் முட்டையிடுவதற்கும் இடைப்பட்ட சில இரவுகளே. அந்த இரவுகளில் ஒளியே கருவியாகிறது. முட்டையிடுமுன் பத்துத் தாய்ப்பூச்சிகள் விளக்கில் வீழ்ந்தால், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட புழுக்கள் பிறவாமலே தடுக்கப்படுகின்றன.

இரவில் காணும் கண்

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட ஒளியைக் காண்கிறது. ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் வானவில்லின் எல்லை அதுவே. அந்துப்பூச்சியின் உலகம் வேறானது. பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் கண்ணில் மூவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. ஒருவகை 350 நானோமீட்டர் அளவிலான புற ஊதாவையும், மற்றொருவகை 450 அளவிலான நீலத்தையும், மூன்றாம் வகை 520 அளவிலான பச்சையையும் மிகுதியாக உணர்கின்றன. மனிதர் காணாத புற ஊதா அவற்றுக்குப் பளிச்சிடும் ஒளி. மனிதருக்குப் பளிச்சிடும் சிவப்போ அவற்றுக்கு ஏறத்தாழ இருள். அந்துப்பூச்சிகளை இரவில் ஆராய்வோர் அவற்றைக் கலைக்காமல் பார்ப்பதற்குச் செவ்வொளி விளக்கைப் பயன்படுத்துவது இதனால்தான்.

அந்துப்பூச்சியின் கூட்டுக்கண் ஆயிரக்கணக்கான சிறு கண்களால் ஆனது. பகலில் பறக்கும் பல பூச்சிகளில் ஒவ்வொரு சிறு கண்ணும் தன்மீது விழும் ஒளியை மட்டும் தனித்தனியே பெறும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சியிலோ பல சிறு கண்கள் வாங்கும் ஒளி ஒன்றாகக் குவிந்து ஒரே உணர்செல்லை அடைகிறது. அதனால் சிறிதளவு ஒளியும் பெரிதாக உணரப்படுகிறது. பகலில் அல்லது வலிய வெளிச்சத்தில் இக்கண்ணைக் காக்கும் ஏற்பாடும் உண்டு. சிறு கண்களுக்கிடையே கருநிறமி நகர்ந்து திரைபோல் நின்று மிகுஒளியைத் தடுக்கிறது. இருள் வந்ததும் திரை விலகுகிறது. இந்தத் திரையின் இயக்கம் பயிர்ப்பாதுகாப்பில் எவ்வாறு உதவுகிறது என்பது பின்னர்த் தெளிவாகும்.

தெரிந்து தெளிவோம்

விண்மீன் ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறம் தெரியாது. எல்லாம் சாம்பல் நிறமாகவே தோன்றும். ஆனால், ஐரோப்பாவில் வாழும் ஒருவகைப் பருந்து அந்துப்பூச்சி அந்த மங்கிய ஒளியிலும் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறிகிறது. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைப் பூக்களைக் கொண்டு இதனை மெய்ப்பித்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரவில் விலங்குகளுக்கு நிறம் தெரியாது என்னும் கருத்து அதனால் மாறியது.

நிறமும் ஈர்ப்பும்

கண்ணின் இவ்வமைப்பிலிருந்து ஒரு பொதுவிதி பிறக்கிறது. அலைநீளம் குறையக் குறைய ஈர்ப்பு மிகுகிறது. புற ஊதா கலந்த விளக்குக்கு அந்துப்பூச்சிகள் மிகுதியாக வருகின்றன. நீலமும் அதற்கு அடுத்துப் பச்சையும் ஈர்க்கின்றன. மஞ்சளுக்கு வருவன குறைவு. சிவப்புக்கு வருவன மிகமிகக் குறைவு. பாதரச ஆவி விளக்கைப் பூச்சி சேகரிப்போர் விரும்பியது, அது தரும் புற ஊதாக் கதிருக்காகவே.

பழைய குண்டு விளக்கின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி. புற ஊதா மிகச் சிறிது. தீயின் ஒளியில் அது இன்னும் சிறிது. அங்ஙனமாயின், உழவர் வயலோரத்தில் மூட்டும் தீக்கு அந்துப்பூச்சிகள் வருவது எவ்வாறு? தீயின் ஒளியிலும் பச்சை அலைநீளத்தின் பங்கு ஓரளவு உண்டு. சுற்றிலும் கும்மிருட்டாக இருக்கையில், இரவுக்கெனவே அமைந்த கண்ணுக்கு அச்சிறு பங்கே போதுமானது. எனவே தீமூட்டம் பயனற்றதன்று. ஆனால் அதே இடத்தில் புற ஊதா விளக்கு இருந்தால் இன்னும் மிகுதியாகப் பூச்சிகள் வரும். நிறைநிலா நாளில் விளக்குக்கு வரும் பூச்சிகளின் எண்ணிக்கை குறைவதும் இதே காரணத்தால்தான். வானமே வெளிச்சமாக இருக்கும்போது விளக்கின் வெளிச்சம் தனித்துத் தெரிவதில்லை.

ஏன் சுற்றுகின்றன?

விளக்கைக் கண்ட பூச்சி நேரே வந்து அமர்வதில்லை. அதனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. இதற்குப் பலகாலமாகச் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு. பூச்சி நிலவைத் திசைகாட்டியாகக் கொண்டு பறக்கிறது. விளக்கை நிலவெனக் கருதி ஏமாறுகிறது என்பது அது. வெப்பத்தை நாடியே வருகிறது என்றும் சிலர் கருதினர்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியையும் புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி முதலான ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டு ‘நேச்சர் கம்யூனிகேசன்ஸ்’ இதழில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் அதிவேக நிழற்படக் கருவிகளால் பூச்சிகளின் பறத்தலை அவர்கள் பதிவு செய்தனர். பூச்சி விளக்கை நோக்கிப் பறக்கவில்லை. தன் முதுகை விளக்கின் பக்கம் திருப்பியே பறந்தது. இயற்கையில் இரவில் ஒளி மிகுந்த பகுதி வானமே. முதுகை ஒளியின் பக்கம் வைத்துப் பறந்தால் உடல் நேராக நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தப் பழக்கம் பூச்சிகளுக்கு உதவிவந்தது. விளக்கு பக்கவாட்டில் இருக்கும்போதோ, முதுகைத் திருப்பும் பூச்சியின் பாதை வளைகிறது. அது விளக்கைச் சுற்றத் தொடங்குகிறது. விளக்குக்கு மேலே செல்லும்போது அது தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது.

எல்லாப் பூச்சிகளும் இவ்வாறு சிக்குவதில்லை. அரளிச்செடியில் வளரும் பருந்து அந்துப்பூச்சி அவ்வாய்வில் விளக்கின்மேல் நேரே பறந்து சென்றது. மேலும், அருகில் வந்த பூச்சி ஏன் மீள முடிவதில்லை என்பதையே இவ்விளக்கம் தெளிவாக்குகிறது. தொலைவிலிருந்து பூச்சிகள் வருவதை அது முழுவதும் விளக்குவதில்லை. எனினும் புற ஊதாவின் சிறப்பு இங்கே பொருள்பெறுகிறது. நிலமும் இலைகளும் புற ஊதாவைக் குறைவாகவே எதிரொளிக்கின்றன. வானத்திலிருந்து அது மிகுதியாக வருகிறது. எனவே புற ஊதா, பூச்சிக்குத் திறந்த வெளியின் அடையாளம். அவ்வடையாளத்தைத் தரும் விளக்கு வானம்போல் நடித்துப் பூச்சியைப் பிடிக்கிறது.

வயலில் விளக்குப்பொறி

இவ்வறிவை வயலுக்குக் கொண்டுவரும் கருவியே விளக்குப்பொறி. இதன் அமைப்பு எளியது. பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு விளக்கு தொங்கும். அதன்கீழ் அகன்ற தட்டில் நீரும் சிறிது மண்ணெண்ணெயும் இருக்கும். சுற்றிவரும் பூச்சி விளக்கைத் தாங்கும் தகட்டில் மோதித் தட்டில் விழும். சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு எதிராக, மழை பெய்தவுடன் எக்டருக்கு மூன்று அல்லது நான்கு விளக்குப்பொறிகள் அமைத்தும் தீமூட்டியும் அந்துப்பூச்சிகளை அழிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நெல்லின் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப்புழுவின் அந்துப்பூச்சியும் ஒளிக்கு வருவனவே. 2018ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கிய படைப்புழுவின் அந்துப்பூச்சியும் ஒளியால் ஈர்க்கப்படுவதே.

பூச்சிகளைப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறியும் பயன்படுகிறது. பெண்பூச்சியின் மணத்தைச் செயற்கையாகத் தரும் அப்பொறியில் ஆண்பூச்சிகள் மட்டுமே விழும். விளக்குப்பொறியில் இருபாலும் விழும். முட்டை சுமந்த பெண்பூச்சி விழுவதே உழவருக்கு உடனடிப் பயன். பூச்சியின் வருகையை முன்னறியவும் விளக்குப்பொறி உதவுகிறது. நாள்தோறும் விழும் எண்ணிக்கையைக் குறித்துவந்தால், எண்ணிக்கை ஏறும் நாளை வைத்து முட்டைக்குவியலைத் தேடவேண்டிய காலத்தை உழவர் அறியலாம்.

ஒளிக்கு வரும் பூச்சிகள் யாவும் தட்டில் விழுவதில்லை. சில, விளக்கைச் சுற்றியுள்ள செடிகளில் அமர்ந்து அங்கேயே முட்டையிடுகின்றன. ஆகவே மறுநாள் காலை விளக்கைச் சுற்றியுள்ள செடிகளின் இலைகளைத் திருப்பிப் பார்த்து முட்டைக்குவியல்களைப் பறித்து அழிக்கவேண்டும். வயலைச் சுற்றி 30 செ.மீ. ஆழமும் 25 செ.மீ. அகலமும் உடைய செங்குத்தான பள்ளம் தோண்டினால், நகர்ந்துவரும் புழுப்படை அதில் விழுந்து சிக்கும். இவ்வேலை ஒருவர் மட்டும் செய்து முடிவதன்று. ஒரு வயலில் மட்டும் விளக்கு எரிந்தால், பக்கத்து வயலில் வளரும் புழுக்கள் பின்னர் இங்கே வரும். ஊரார் ஒன்றுகூடி ஒரே இரவில் விளக்கேற்றும்போதுதான் பயன் முழுமையாகும்.

தேயிலைத் தோட்டம் கற்பித்த பாடம்

நிறத்தைத் தேர்ந்து பயன்படுத்தும் முயற்சிக்குத் தேயிலை நல்ல எடுத்துக்காட்டு. நீலகிரியிலும் வால்பாறையிலும் விளையும் தேயிலையின் கொழுந்து, பறித்துப் பதப்படுத்தியபின் நேரே கொதிநீரில் இடப்படுகிறது. அதில் பூச்சிமருந்தின் எச்சம் இருந்தால் அது குடிப்பவரின் கோப்பைக்கே சென்றுவிடும். எனவே காவடிப்புழு, இலை சுருட்டும் புழு முதலியவற்றின் அந்துப்பூச்சிகளை மருந்தின்றிக் குறைக்கும் வழிகளைத் தேயிலை ஆய்வாளர்கள் தேடினர்.

சீனத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்த ஆய்வுகள் இதில் குறிப்பிடத்தக்கவை. எல்லா நிறமும் கலந்த விளக்கை வைத்தபோது தீங்கு செய்யும் பூச்சிகளோடு நன்மை செய்யும் பூச்சிகளும் மிகுதியாக மடிந்தன. ஒளியுமிழ் டையோடுகளால் 385 நானோமீட்டர், 420 நானோமீட்டர் அளவுகளை ஒட்டிய குறுகிய அலைநீள ஒளியை மட்டும் தந்தபோது நன்மை செய்யும் பூச்சிகளின் இழப்பு குறைந்தது. வெளிச்சம் மிகுந்தால் போதும் என்னும் எண்ணம் அங்கே மாறியது. எந்தப் பூச்சிக்கு எந்த நிறம் என்னும் வினா முதன்மை பெற்றது.

ஒளியுமிழ் டையோடு இல்லையெனில் இத்தேர்வு எளிதாகியிராது. பழைய விளக்குகள் பல நிறங்களைக் கலந்தே தரும். டையோடு தனக்குரிய குறுகிய அலைநீளத்தை மட்டும் தரும். நீல ஒளியுமிழ் டையோடை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் இத்தகைய விளக்கைச் சிறிய சூரியத் தகட்டைக் கொண்டே எரிக்கலாம். மின்கம்பி எட்டாத மானாவாரி நிலத்துக்கும் மலைச்சரிவுக்கும் இது பொருந்துகிறது.

மஞ்சள் ஒளி என்னும் வேலி

பூச்சியை ஈர்ப்பதற்கு மட்டுமன்றி, அதன் செயலை அடக்குவதற்கும் ஒளி பயன்படுகிறது. சப்பான் நாட்டுப் பழத்தோட்டங்களில் பழத்தைத் துளைத்துச் சாறுறிஞ்சும் அந்துப்பூச்சிகளுக்கு எதிராக மஞ்சள் விளக்குகள் இரவெல்லாம் எரிக்கப்படுகின்றன. மஞ்சள் ஒளி அந்துப்பூச்சியை மிகுதியாக ஈர்ப்பதில்லை; ஆனால் பச்சையை உணரும் செல்கள் அதனை ஓரளவு உணர்கின்றன. கண்ணின் கருநிறமித் திரை மூடிக்கொள்கிறது. பூச்சிக்கு அது பகலாகிவிடுகிறது. பகலில் ஓய்ந்திருக்கும் பூச்சி இரவிலும் ஓய்ந்திருக்கிறது. பறத்தலும் இணைசேர்தலும் முட்டையிடலும் குறைகின்றன. புற ஊதா விளக்காலும் கண்ணின் திரை மூடும். ஆனால் அது தொலைவிலுள்ள பூச்சிகளையும் தோட்டத்துக்கு வரவழைத்துவிடும். வரவழைக்காமல் அடக்குவதே மஞ்சளின் சிறப்பு.

இம்முறைக்கும் எல்லை உண்டு. இரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கும் பயிர்கள் பல. இரவெல்லாம் வெளிச்சம் பட்டால் நெல்லில் கதிர் வெளிவருவது தாமதமாகும். செவ்வந்தி பூப்பதும் தடைப்படும். பூச்சியின் கண்ணை மட்டுமன்றிப் பயிரின் இயல்பையும் அறிந்தே விளக்கேற்ற வேண்டும்.

இருளும் ஒரு வளம்

உலகில் பெயரிடப்பட்டுள்ள அந்துப்பூச்சி வகைகள் ஏறத்தாழ 1,60,000. அவற்றுள் பயிருக்குத் தீங்கு செய்வன மிகச் சிலவே. பப்பாளியின் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்வன பருந்து அந்துப்பூச்சிகள். இரவில் மலரும் மரமல்லிக்கும் அவையே துணை. அந்துப்பூச்சிகளின் புழுக்கள் குருவிக்குஞ்சுகளின் உணவு. வளர்ந்த பூச்சிகள் வௌவால்களின் உணவு. விளக்குப்பொறியில் இவையும் விழக்கூடும். நெல்வயலில் தத்துப்பூச்சியின் முட்டைகளைத் தின்று உழவருக்கு உதவும் சிறு நாவாய்ப்பூச்சியும் ஒளிக்கு வருவதே. விளக்குப்பொறியை இரவு முழுவதும் எரிக்காமல் முன்னிரவில் மட்டும், பொதுவாக 7 மணி முதல் 11 மணி வரை எரிப்பதும், பூச்சி வெளிவரும் பருவத்தோடு நிறுத்திக்கொள்வதும் இவ்விழப்பைக் குறைக்கும்.

வயலில் சில இரவுகள் எரியும் பொறியைவிட, ஆண்டு முழுவதும் எரியும் தெருவிளக்கின் தாக்கம் பெரிது. வெள்ளை ஒளி தரும் டையோடு விளக்கில் புற ஊதா அரிது. ஆயினும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தின் பங்கு கணிசமாக உண்டு. வெள்ளிமலை போன்ற மலையூர்களில், காட்டை அடுத்த தெருக்களுக்கு நீலம் குறைந்த மஞ்சள் சாயல் விளக்குகளைத் தேர்ந்து, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மறைப்பு அமைத்தால், மக்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். காட்டுப் பூச்சிகளுக்கு இருளும் மிஞ்சும். ஒரே அறிவே வயலில் பூச்சியை அழைக்கவும் தெருவில் பூச்சியை அழைக்காதிருக்கவும் பயன்படுகிறது.

முடிவுரை

விளக்கில் விழும் விட்டிலின் அறியாமையைப் பற்றிப் பேசிய சமூகம், அதன் கண்ணைப் பற்றி அறியத் தொடங்கியது அண்மைக்காலத்தில்தான். அவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடின் பயனில்லை. பெருமழை பெய்த மூன்றாம் நாள் மாலையில், எந்த விளக்கை, எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிவரை எரிப்பது என்னும் முடிவாக அது வயலுக்கு வரவேண்டும். அந்த மாலையைத் தவறவிட்டால், உழவரின் கையில் எஞ்சுவது மருந்துத் தெளிப்பானும் அதற்கான கடனுமே. தவறவிடாது ஊரே விளக்கேற்றினால், விதைத்த கடலை காயாகி வீடு வந்து சேரும்.